நேராகப் போகாத கோடு

வரைபடத்தில் கடைசிப் புள்ளியும் விழுந்தபோது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். ஏறக்குறைய நேர்கோடாக வரும் என்று நினைத்திருந்தேன். புள்ளிகளோ வலப்பக்கம் போகப் போக மேல்நோக்கி வளைந்து ஏறியிருந்தன. மதியம் மூன்று மணி இருக்கும். லேபில் என்னைத் தவிர யாருமில்லை. பக்கத்து அறையில் முதலாண்டு மாணவிகள் ஊசலை ஆட்டிவிட்டு ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். முப்பத்தைந்து வயது தாண்டியபின், வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டேன். என் கைடு வேறொரு கல்லூரியில் பேராசிரியை. அதிகம் பேசமாட்டார், கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஊசி மாதிரி இருக்கும். அவர் எனக்குக் கொடுத்த கேள்வி இதுதான்: புரோட்டான்கள் மோதும்போது சிதறும் துகள்களின் கூட்டம் பெரிதானால், அதில் குவார்க் என்ற அடிப்படைத் துகள்களில் கனமான ஒன்று இருக்கும் வாய்ப்பு எப்படி மாறுகிறது?

ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் வட்டமாக ஒரு சுரங்கம் இருக்கிறது. அதற்குள் புரோட்டான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓட்டி, எதிரெதிரே வரவைத்து மோதவிடுகிறார்கள். ஒவ்வொரு மோதலிலும் புதுத் துகள்கள் நாலாபக்கமும் தெறிக்கும். சில மோதல்களில் நாலைந்துதான் தெறிக்கும். சிலவற்றில் படம் முழுக்கக் கோடுகளாக, வெறும் கண்ணால் எண்ண முடியாத அளவுக்கு இருக்கும். அங்கே பதிவான தகவல்களில் ஒரு பகுதி என்னைப் போன்றவர்களுக்கும் இணையம் வழியாகக் கிடைக்கிறது.

அந்தச் சிதறலில் எப்போதாவது சார்ம் என்றொரு குவார்க் பிறக்கும். முதன்முதலில் படித்தபோது என்னால் நம்பவே முடியாத ஒன்று உண்டு. அந்த ஒரு குவார்க், முழுப் புரோட்டானையும்விடக் கனமானது. மோதலின் ஆற்றல்தான் நிறையாக மாறி அதை உண்டாக்குகிறது. அது தனியாக இருக்காது. வேறொரு குவார்க்கோடு சேர்ந்து ஒரு துகளாகி, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட ஓடாமல் உடைந்துபோகும். நமக்குத் தெரிவது அது உடைந்து சிதறிய துண்டுகளின் தடங்கள் மட்டுமே. அந்தத் தடங்களைப் பின்னோக்கித் தேடிப்போய், இங்கே ஒரு சார்ம் இருந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கூட்டம் இரண்டு மடங்கானால் சார்மும் இரண்டு மடங்காகும் என்பதுதான் எளிய எதிர்பார்ப்பு. என் வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. கூட்டம் இரண்டு மடங்கானால் சார்ம் அதைவிட வெகுவாகக் கூடியது. ஓரளவு வளைவதை மற்றவர்களும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் என் கோடு அவர்களுடையதைவிடச் செங்குத்தாக இருந்தது.

அன்றே கைடுக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

"உடைஞ்சு வர்ற துண்டுகளைக் கூட்டத்துக் கணக்குல இருந்து எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சுங்க மேடம்."

"சரிங்க. அப்படீன்னா நல்லா இருக்குது."

'நல்லா இருக்குது' என்று அவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அந்த வாரமே எங்கள் ஊரிலேயே நடக்கவிருந்த ஓர் ஆய்வரங்கத்துக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினோம். பதினைந்து நிமிடம் மேடையில் பேச இடம் கொடுத்துப் பதில் வந்தது. வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். அக்காவிடமும் சொன்னேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயது மூத்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் இருவரில் கணக்கில் கெட்டிக்காரி அவள்தான். நான் எடுத்த மதிப்பெண் அவளுடையதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அவளுக்குப் படிப்பு அதோடு முடிந்தது. கருமத்தம்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். கொஞ்ச காலம் தறிக்கூடத்தில் பாவு நூல்களைப் பிணைக்கும் வேலை பார்த்தாள். பிறகு நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு கல்யாணச் சமையல் எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். இப்போது பல்லடத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும்கூட அவளைத் தேடி வருகிறார்கள். நான் படிக்கப் போன காலத்தில் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், "என்ன கண்ணு படிக்கறே, சொல்லு" என்பாள். நான் சொன்னதில்லை. "அதெல்லாம் பெரிய கணக்குக்கா" என்று முடித்துவிடுவேன். அவளுக்குப் புரியாது என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. புரிந்துவிடுமே என்ற கூச்சமாக இருக்கலாம்.

ஆய்வரங்கத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் கூப்பிட்டாள். அவள் ஆட்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். அவினாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில் மறுநாள் கல்யாணம். "காய் அரிய மட்டும் வந்தாப் போதும் அம்மணி, ஒரு கை கொறையுது" என்றாள்.

மதியம் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்துப் பின்பக்கத்துக் கொட்டகையில் முட்டைக்கோசும் பீன்ஸும் மலையாகக் கிடந்தன. எனக்கு ஒரு பலகையும் கத்தியும் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அவளுடைய ஆட்கள் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"மேடையில பேசப்போறேன்னு சொன்னியே, என்னத்தப் பத்தி? இன்னைக்காவது சொல்லு."

கை வேலையில் இருந்தது. தப்பிக்க வழியில்லை. சொன்னேன். மோதலில் ஆரம்பித்து, கூட்டம், சார்ம், அது உடைவது, வளைந்த கோடு வரைக்கும் சொன்னேன். பீன்ஸ் பாதி தீர்ந்திருந்தது. அவள் குறுக்கே பேசவே இல்லை.

"அந்தக் கனமானது பொறந்ததுமே உடைஞ்சுபோகுமா?"

"ஆமாக்கா."

"அதைக் கண்ணுல பாக்கறதில்ல. உடைஞ்ச துண்டத்தான் பாக்கறீங்க."

"ஆமா."

"அப்ப அந்தத் துண்டும் கூட்டத்துல சேர்ந்துதான இருக்கும்? அதையும் ஒட்டுக்கா எண்ணிப்போட்டா, கனமானது இருக்கற எடத்துலயெல்லாம் கூட்டம் தானா எச்சா, பெருசாத்தான தெரியும்?"

எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. தெரிந்த விஷயத்தைத்தான் கேட்கிறாள். ஆனால் காய் அரிந்துகொண்டே, முதல் தடவை கேட்டவுடனே அதைப் பிடித்துவிட்டாளே என்றும் இருந்தது.

"அதெல்லாம் கழிச்சிருவோம்க்கா. புரோகிராம்லயே இருக்குது."

"கழிச்சுதான்னு நீ பாத்தியா?"

"புரோகிராம்ல இருக்குதுங்கறேன்."

"அது செரி. பந்தியில எத்தன இலை போச்சுன்னு எண்ணறப்ப, நம்மாளுக தின்ன இலையைக் கழிச்சுப்போடுங்கன்னு நானுந்தான் ஒவ்வொருக்காச் சொல்றேன். கழிச்சுட்டோங்கன்னுதான் சொல்லுவாங்க. போய்ப் பாத்தாத்தான் தெரியும்." சொல்லிவிட்டு எழுந்து, அண்டா கழுவுகிறவரைப் பார்த்து, "ஏனுங்க, அந்தப் பெரிய அண்டா முதல்ல வேணுமுங்க" என்று கத்திக்கொண்டே போய்விட்டாள்.

நான் முட்டைக்கோசை அரிந்துகொண்டிருந்தேன். கத்தி நின்றுவிட்டது. அந்தப் புரோகிராமை என் கைடிடம் எனக்கு முன்னால் படித்த ஒரு மாணவர் எழுதிவைத்திருந்தார். துண்டுகளை நீக்கும் வரி அதில் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், நானே அதைப் படித்திருக்கிறேன். ஆனால் ஆறு மாதத்துக்கு முன், ஒரு பிழையைத் தேடுவதற்காக, சீக்கிரம் ஓடட்டும் என்று சில வரிகளை வேலை செய்யாமல் நிறுத்திவைத்தேன். வரிக்கு முன்னால் ஒரு சிறு குறி போட்டால் போதும், கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். எந்தெந்த வரிகளை நிறுத்தினேன்? திரும்ப எல்லாவற்றையும் எடுத்துவிட்டேனா?

பொழுது சாய்ந்தபோது வேலை முடிந்தது. அக்கா காப்பி கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்து, "என்ன கண்ணு, கையைக் கிய்யை அறுத்துப்போட்டியா?" என்றாள். இல்லை என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் காவலாளியிடம் சொல்லி லேபைத் திறந்தேன். தேடவே தேவையிருக்கவில்லை. திரையில் இரண்டு பக்கம் தள்ளியதும் அந்த வரி இருந்தது. முன்னால் அந்தக் குறியும் இருந்தது, நான் போட்டது, எடுக்கப்படாமல்.

தப்பு நடந்ததைவிட, கைடு கேட்டபோது "எடுத்தாச்சுங்க" என்று நான் சொன்னதுதான் நெஞ்சில் குத்தியது. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பார்த்துச் சொல்லவும் இல்லை.

குறியை எடுத்துவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டேன். எங்கள் கணினிக்கு அது மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. என் பயம் ஒன்றே ஒன்றுதான். வளைவு முழுவதும் என் தப்பினால் வந்ததாக இருந்தால்? மற்றவர்கள் பார்த்ததையும் மீறி, என் கையில் நேர்கோடு மட்டும் மிஞ்சினால்? அதே நேரத்தில் இன்னொரு நினைப்பும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. என்ன வரும் என்று பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது. சின்ன வயதில் அரையாண்டுத் தேர்வுத் தாள் கைக்கு வருவதற்கு முன் இருந்த மாதிரி இல்லை. இதில் விடை யாரிடமும் இல்லை.

புதன்கிழமை மதிய இடைவேளையில் வரைபடம் வந்தது. கோடு தாழ்ந்திருந்தது. நன்றாகவே தாழ்ந்திருந்தது. செங்குத்தாக ஏறியதில் ஒரு பெரிய பங்கு, கனமான துகளின் சொந்தத் துண்டுகளை நான் கூட்டத்தில் சேர்த்து எண்ணியதால் வந்ததுதான். ஆனால் அது நேராகிவிடவில்லை. மெதுவாக, பிடிவாதமாக, வலப்பக்கம் போகப் போக வளைந்துகொண்டேதான் இருந்தது.

பஸ் பிடித்து நேராகக் கைடு அறைக்குப் போனேன். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"ஏங்க, நான் கேட்டப்ப எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க மேடம். எடுத்துட்ட ஞாபகத்துல சொல்லிப்போட்டேன். பாக்காமச் சொன்னது தப்புங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அந்த வரியைத் திறந்து காட்டுங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கலை. எனக்கும் அந்தக் கோடு புடிச்சுப்போச்சு" என்றார். பிறகு, "யாரு கண்டுபுடிச்சாங்க?" என்று கேட்டார்.

"எங்க அக்காங்க."

"அவங்க எங்க வேலை பாக்கறாங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சரி. அவங்க கேட்டது பாதிதானுங்க. மீதியையும் நாம கேக்கணும்" என்றார்.

மீதி என்னவென்று அன்று சாயங்காலம் வரை விளக்கினார். துண்டுகளைக் கழித்தால் மட்டும் போதாது, சார்ம் தனியாகப் பிறப்பதில்லை. அதோடு சேர்ந்தே பிறக்கும் ஒரு ஜோடி உண்டு. அந்த ஜோடியும் உடையும். அதைச் சுற்றி வேறு துகள்களும் தெறிக்கும். அவையும் பக்கத்திலேயே விழுந்து கூட்டத்தைப் பெருக்கிக் காட்டலாம். அதனால் சார்மை ஓரிடத்திலும் கூட்டத்தை வேறோரிடத்திலும் அளக்க வேண்டும். துகள்களைப் பதிவு செய்யும் கருவியான டிடெக்டரின் நடுப்பகுதியில் சார்மைத் தேடுவது. புரோட்டான்கள் வந்த பாதையை ஒட்டியே, நடுவிலிருந்து தள்ளிப் போகிற துகள்களை மட்டும் வைத்துக் கூட்டத்தை எண்ணுவது. அப்படியும் வளைந்தால், அந்த வளைவை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

ஆய்வரங்கத்துக்காரர்களுக்கு எழுதினோம். அனுப்பிய சுருக்கத்தில் பிழை இருக்கிறது, திருத்தியதை அனுப்புகிறோம் என்று மூன்று வரி. அந்த மின்னஞ்சலை அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்கு அரை நாள் ஆனது. இரண்டு நாளில் மரியாதையாகப் பதில் வந்தது. மேடைப் பேச்சுப் பட்டியல் முடிந்துவிட்டதால், என் ஆய்வைச் சுவரொட்டியாக வைக்கலாம் என்று.

அக்காவிடம் போனில் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். குறி போட்ட வரியை, கைடிடம் சொன்னதை, மேடை போனதை.

"என்னால உன்ற மேடை போச்சா?"

"உன்னால தப்பு போச்சுக்கா. சுவரொட்டி முடிவுல நன்றின்னு ஒரு பகுதி எழுதுவாங்க. அதுல உன்னைப் பத்தி எழுதலாம்னு இருக்கறேன்."

"அதெல்லாம் வேண்டாங் கண்ணு. அதுக்குப் பதுலா, கழிச்ச பொறவும் ஏன் வளையுதுன்னு சொல்லு."

தெரிந்ததைச் சொன்னேன். புரோட்டான் ஒரே கட்டியான குண்டு அல்ல. அதற்குள்ளே இன்னும் சின்னச் சின்னதாக நிறைய இருக்கின்றன. இரண்டு புரோட்டான்கள் நேருக்கு நேராக நன்றாக மோதினால், உள்ளே ஒரே நேரத்தில் பல மோதல்கள் நடக்கலாம். ஒவ்வொன்றிலும் சார்ம் பிறக்க ஒரு வாய்ப்பு. கூட்டமும் பெருகும், சார்மும் பெருகும்.

"அப்படீன்னா ரெண்டும் ஒண்ணாத்தான பெருகோணும்? கோடு நேராத்தான வரோணும்?"

"அதான்க்கா கேள்வி. கூட்டம் ரொம்பப் பெருசானா, லேசான துகள்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, எண்ணிக்கை எதிர்பாத்த அளவுக்குக் கூடறதில்லைன்னு ஒரு கட்சி சொல்லுது. அதனால சார்ம் எச்சாத் தெரியுதாம். வேற கட்சி வேற மாதிரி சொல்லுது."

"நீ எந்தக் கட்சி?"

"தெரியலீக்கா."

"தெரியலீன்னு சொல்றதுக்கா இத்தன வருசம் படிச்சே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கேலி இல்லை. நானும் சிரித்தேன். அதற்குப்பின் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்க ஆரம்பித்தாள்.

தள்ளிப் போகும் துகள்களை வைத்துக் கூட்டத்தை எண்ணும் வேலை, ஆய்வரங்கத்துக்கு நாலு நாள் முன்னால் முடிந்தது. வளைவு இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் இருந்தது. இந்த முறை ஒவ்வொரு வரியையும் தாளில் அச்செடுத்து, கைடும் நானும் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே வந்தோம்.

சுவரொட்டி வைத்த அன்று மத்தியானம் அக்கா வந்தாள். வருகிறேன் என்று சொல்லவே இல்லை. பீளமேட்டுப் பக்கம் ஒரு வேலை பேச வந்தவள், விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். பச்சை நூல் சேலை, கையில் மஞ்சள் பை. கோட்டு போட்டவர்களுக்கு நடுவே வந்து, என் சுவரொட்டிக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் வேறொரு கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளி மேலயெல்லாம் குச்சி குச்சியா நிக்குதே, அது என்னது?"

"எவ்வளவு தூரம் தப்பா இருக்கலாம்னு காட்டறதுக்குத்தான்க்கா. நிஜமான எண் அந்தக் குச்சி நீளத்துக்குள்ள எங்க வேணாலும் இருக்கலாம்."

"இந்தப் பக்கம் குட்டையா இருக்குது. அந்தக் கடைசியில நீளமா இருக்குது."

"அவ்வளவு பெரிய கூட்டம் வர்ற மோதல் அபூர்வம். கொஞ்சந்தான் கிடைச்சுது. அதனால நிச்சயம் கம்மி."

"அப்ப இந்தக் கடைசிப் புள்ளி கீழ இருந்தாலும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"பொறவு எதை வெச்சு வளையுதுங்கறே?"

பேராசிரியர் இப்போது திரும்பி எங்களைப் பார்த்தார். எனக்கு வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அக்கா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் கையிலிருந்த துண்டுத்தாளை வாங்கினாள். அதன் நேரான ஓரத்தைச் சுவரொட்டியில், கோடு ஆரம்பிக்கும் மூலையிலிருந்து முதல் இரண்டு புள்ளிகள் வழியாகப் போகும்படி வைத்தாள். மூன்றாவது புள்ளி தாளுக்குச் சற்று மேலே இருந்தது. நாலாவது இன்னும் மேலே. ஐந்தாவது, தன் குச்சியின் அடிநுனியோடு சேர்த்தே, தாளைத் தாண்டி இருந்தது. கடைசிப் புள்ளியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"இதை உட்டுப்போட்டாலும் வளையத்தான் செய்யுது" என்றாள்.

"ஆமாங்க" என்றார் அந்தப் பேராசிரியர். பிறகு அவளிடமே கேட்டார்: "நீங்க எந்தக் காலேஜுங்க?"

"நானுங்களா? நான் சமையலுங்க" என்றாள் அக்கா. அவர் என்னைப் பார்த்தார். அவளோ திரும்பவும் தாளை வைத்து, கீழே இருந்த இரண்டாவது வரைபடத்தைச் சரிபார்க்க ஆரம்பித்திருந்தாள்.

இப்போது நான் இன்னும் கனமான பியூட்டி என்ற குவார்க்கை எடுத்திருக்கிறேன். அது சார்மைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். அதைப் பிடிப்பதும் சார்மைப் பிடிப்பதைவிடக் கடினம். கனம் கூடினால் கோடு இன்னும் வளையுமா, அதே அளவா, குறையுமா என்பது கேள்வி. அக்கா குறையும் என்கிறாள். ஏன் என்று கேட்டால், "சும்மா தோணுது, நீ பாத்துச் சொல்லு" என்கிறாள். போன திங்கட்கிழமை ஓடவிட்ட கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.